மேரி வர்கீஸ் திரும்பிய வழி

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பாகாயம் வளாகத்தில் 1966-ஆம் ஆண்டு மறுவாழ்வு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு முறிந்தவர்களும் கை கால் இழந்தவர்களும் மாதக்கணக்கில் தங்கி, மீண்டும் வாழப் பழகுவதற்காக இந்தியாவில் அமைந்த முதல் உள்நோயாளர் நிலையம் அது. அதை உருவாக்கிய மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்து பணியாற்றியவர். அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு விபத்தில் அவருடைய கால்கள் இரண்டும் செயலிழந்திருந்தன.

தென்காசியில் இருந்துகொண்டு வேலூர் மருத்துவர் ஒருவரைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. கல்லூரியில் நான் நெடுங்காலம் கற்பித்த பாடம் தொழிலாளர் பொருளாதாரம். கூலி, உற்பத்தித்திறன், தொழிற்சங்கம், சமூகப் பாதுகாப்பு என்று பாடத்திட்டம் விரிவாகத்தான் இருந்தது. வேலையில் காயமடைந்த ஒருவர் குணமான பிறகு எங்கே போகிறார் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. இந்த மாவட்டத்திலோ அந்தக் கேள்விக்குப் பஞ்சமில்லை. செங்கோட்டை, தென்காசிப் பகுதிகளின் மர அறுவை ஆலைகளில் விரல் இழந்தவர்கள், பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்தவர்கள், கல்குவாரியிலும் செங்கல் சூளையிலும் அடிபட்டவர்கள் என நம் தெருக்களில் பலர் உண்டு. மருத்துவமனைவரை அவர்களுடைய கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிந்தைய கதையைத் தேடியபோதுதான் மேரி வர்கீஸின் வாழ்க்கை எனக்கு முக்கியமாகப் பட்டது.

அவர் 1925-இல் கொச்சியை அடுத்த செராயில், வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய வேலூர் மருத்துவக் கல்லூரியில் 1940-களில் சேர்ந்து மருத்துவம் பயின்றார். மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். அந்தக் காலத்தில் பெண் மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள துறை வேறில்லை என்றே பலரும் கருதினர். படிப்பு முடிந்து, அத்துறையில் பயிற்சி பெற்றுவந்தபோது, 1954 ஜனவரியில் உடன் பணியாற்றியவர்களுடன் விடுமுறைப் பயணம் சென்ற வாகனம் கவிழ்ந்தது. மற்றவர்களும் காயமடைந்தனர். மேரிக்கு முகத்தில் கடுமையான காயம். அதைவிடக் கொடிதாக முதுகுத்தண்டுவடச் சேதம். அப்போது அவருக்கு வயது 28.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. பணியின்போதும் பணியின் காரணமாகவும் நேர்ந்த விபத்துக்கே அது பொருந்தியது. விடுமுறை நாள் உல்லாசப் பயணத்தில் நேர்ந்த விபத்துக்கு அச்சட்டப்படி மேரி வர்கீஸுக்கு ஒரு ரூபாயும் கிடைத்திருக்காது. அவரை மீண்டும் வேலைக்குக் கொண்டுவர வேண்டிய சட்டக் கடமையும் அவருடைய மருத்துவமனைக்கு இல்லை. ஆயினும் அது நடந்தது. எப்படி நடந்தது என்பதில்தான் நமக்குத் தேவையான செய்தி இருக்கிறது.

முதுகுத்தண்டுவடம் சேதமடைந்தவர்கள் அந்நாளில் நீண்ட காலம் உயிர் வாழ்வார்கள் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. முதல் உலகப் போரில் அவ்வாறு காயமுற்ற வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவிலேயே மடிந்தனர். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் 1944-இல் தனிப் பிரிவு தொடங்கிய பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. இந்தியாவில் அப்படியொரு பிரிவே இல்லை. மேரி பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். அறுவை சிகிச்சைகளுக்கு ஆளானார். நிற்க முடியாத ஒருவர் பிரசவ அறையிலும் மகளிர் நோய் அறுவை அரங்கிலும் பணியாற்ற இயலாது என்பதை, மருத்துவராகிய அவர் பிறர் சொல்லாமலேயே அறிந்திருந்தார்.

அவருக்கு மாற்று வழியைக் காட்டியவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஆங்கில சமய ஊழியர்களின் மகனாக 1914-இல் பிறந்த பிராண்ட், மருத்துவம் படிப்பதற்கு முன் கட்டடத் தொழில் கற்றவர். தச்சு வேலையும் கொத்து வேலையும் அறிந்தவர். வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையின் மூலம் நிமிர்த்திவந்தார். கைக்கான அறுவையை மருத்துவர் உட்கார்ந்துகொண்டேதான் செய்கிறார். நோயாளியின் கை மேசை மேல் நீட்டப்பட்டிருக்கும்; மருத்துவரின் கால்களுக்கு அங்கே வேலையில்லை. அப்படியானால் சக்கர நாற்காலியில் இருப்பவர் அதை ஏன் செய்யக் கூடாது என்று பிராண்ட் எண்ணினார். மேரி தயங்கினார். அவர் பயின்றது வேறு துறை. உடலும் இன்னும் தேறவில்லை. எனினும் உதவியாளராகத் தொடங்கி, பிறகு தாமே அறுவை செய்யும் நிலையை எட்டினார்.

பிராண்ட் செய்ததைப் பொருளாதார மொழியில் சொல்லிப் பார்க்கிறேன். மேரியால் எதைச் செய்ய முடியாது என்ற பட்டியல் எல்லோரிடமும் இருந்தது. மருத்துவமனைக்குள் இருக்கும் வேலைகளில் எவற்றுக்குக் கால்கள் தேவையில்லை என்ற பட்டியலைப் பிராண்ட் எடுத்தார். முதலாவது பட்டியலை மருத்துவச் சான்றிதழ் தரும். இரண்டாவதை, அந்த வேலையிடத்தை உள்ளும் புறமும் அறிந்தவர் மட்டுமே தர முடியும். காயமடைந்த தொழிலாளியை மீண்டும் பணியில் அமர்த்துவதில் வெற்றி கண்ட நாடுகள் எல்லாவற்றிலும் மருத்துவரும் முதலாளியும் மேற்பார்வையாளரும் காயமடைந்தவரும் ஒன்றாக அமர்ந்து எடுப்பது இந்த இரண்டாவது பட்டியலைத்தான்.

பிராண்டின் இன்னொரு பணியும் இங்கே நினைவுகூரத் தக்கது. தொழுநோயாளியின் விரல்கள் நோயினால் தாமாகவே உதிர்கின்றன என்றுதான் அதுவரை உலகம் நம்பியது. வேலூரில் நவஜீவ நிலையம் என்ற பெயரில் 1951-ஐ ஒட்டி அவர் தொடங்கிய குடியிருப்பில், அறுவை முடிந்தவர்கள் தச்சு முதலிய தொழில்களைக் கற்றனர். குணமான கைகளிலும் புதிய புண்கள் தோன்றின. பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். உணர்வற்ற கை உளியை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கிறது. சூடான பாத்திரத்தை விடாமல் தூக்குகிறது. இரவில் எலி கடித்தால்கூட விழிப்பு வருவதில்லை. விரல்களைக் கொண்டுசென்றது பெரும்பாலும் இத்தகைய அன்றாடக் காயங்களே என்று தெளிவானது. கருவிகளின் பிடி மாற்றப்பட்டது. வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் கைகளைத் தாமே சோதித்துப் பார்க்கும் பழக்கம் ஏற்பட்டது. மருத்துவர் ஒருவர் தொழிற்பட்டறைக்குள் வந்து நின்றதால் கிடைத்த பயன் அது. விபத்தைத் தடுப்பது ஓர் அலுவலகத்தின் வேலை, காயத்தைக் குணப்படுத்துவது இன்னோர் அலுவலகத்தின் வேலை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பட்டறையில் இரண்டும் ஒரே மனிதரின் கண் முன் நடந்தன. மேரி வர்கீஸ் அறுவை செய்த கைகள் திரும்பிச் சென்றது இத்தகைய வேலைகளுக்குத்தான்.

சில ஆண்டுகளுக்குப் பின் மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று, பிறர் உதவியின்றித் தம் அன்றாடக் காரியங்களைச் செய்துகொள்ளும் பயிற்சியைப் பெற்றார். அறுவை மருத்துவராகவே பல ஆண்டுகள் பணிபுரிந்துவிட்ட ஒருவர் அந்த அடிப்படைப் பயிற்சிக்காகக் கடல் கடக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அன்றைய இந்தியாவின் நிலை புரியும். தமக்குக் கிடைத்தது ஊருக்குத் திரும்பினால் எவருக்கும் கிடைக்காது என்ற எண்ணம் அவரை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தியது. நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் நடத்திவந்த மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த அமெரிக்க விமானப் படையினரை வெறுமனே படுக்கையில் கிடக்கவிடாமல் பயிற்சியில் ஈடுபடுத்திய அனுபவத்திலிருந்து உருவானது ரஸ்கின் முறை.

மறுவாழ்வு என்பது கருணை மட்டுமன்று, கணக்கும்கூட என்பதை அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் அந்நாளிலேயே அறிந்திருந்தன. லிபர்ட்டி மியூச்சுவல் என்ற காப்பீட்டு நிறுவனம் 1943-இல் பாஸ்டனில் தானே ஒரு மறுவாழ்வு மையத்தைத் திறந்தது. காயமடைந்த தொழிலாளி வேலைக்குத் திரும்பினால் நிறுவனம் அவருக்கு ஆயுள் முழுதும் கொடுக்க வேண்டிய தொகை குறையும். ஜெர்மனி இதில் இன்னும் மூத்தது. 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே தொழில்வாரியாக விபத்துக் காப்பீட்டு அமைப்புகள் தோன்றின. சந்தா முழுவதும் முதலாளிகளுடையது. இன்று நிர்வாகத்தில் முதலாளிகளும் தொழிலாளர்களும் சரிபாதி. ஆலையில் பாதுகாப்பைக் கண்காணிப்பதும் காயத்துக்குச் சிகிச்சை அளிப்பதும் ஓய்வூதியம் தருவதும் ஒரே அமைப்பு. ஒரு ரம்பத்துக்கு மூடி போடாததால் வரும் செலவு அந்த அமைப்பின் கணக்கிலேயே வந்து விழும். 2004 முதல் இன்னொரு கடமையும் சேர்ந்துள்ளது. ஓராண்டில் ஆறு வாரத்துக்கு மேல் நோயால் வேலைக்கு வர இயலாத பணியாளரை அழைத்து, அவர் திரும்புவதற்கான வழியைப் பேச முதலாளி முன்வர வேண்டும்.

நம் நாட்டில் இந்தக் கணக்கு சிதறிக் கிடக்கிறது. ஆலைப் பாதுகாப்பு ஓர் இயக்ககத்திடம், இழப்பீடு தொழிலாளர் துறையிடம் அல்லது இ.எஸ்.ஐ. கழகத்திடம், மறுவாழ்வு மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடம். ஒருவர் முயன்று மிச்சப்படுத்தும் பணம் இன்னொருவரின் ஏட்டில் சேர்கிறது. அத்தகைய இடத்தில் முயற்சி குறையும் என்பது பொருளாதாரத்தின் முதல் பாடம்.

மேரி வர்கீஸ் 1963-இல் வேலூரில் உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார். மூன்று ஆண்டுகளில் பாகாயம் நிலையம் எழுந்தது. சக்கர நாற்காலியில் வரும் மருத்துவரைப் பார்த்த நோயாளிகளுக்கு நெடிய ஆறுதலுரை தேவைப்படவில்லை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படுக்கைப்புண் வராமல் உடலைப் பேணுவது, கையால் செய்யக்கூடிய ஒரு தொழிலைப் பழகுவது என்று பயிற்சி நீண்டது. வீட்டாரும் உடன் தங்கிக் கற்றனர். வீட்டு வாசற்படியும் கழிப்பறையும் எப்படி மாற வேண்டும் என்பதுகூட அங்கே சிகிச்சையில் சேர்ந்தது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 1986-இல் வேலூரில் காலமானார். சக்கர நாற்காலியில் அவர் கழித்தது 32 ஆண்டுகள்; நடந்து வாழ்ந்ததைவிட அது அதிகம்.

அவருடைய வாழ்க்கையைத் தன்னம்பிக்கைக் கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு மனவுறுதி இருந்தது, மறுப்பதற்கில்லை. கூடவே மருத்துவக் கல்வி இருந்தது, வசதியான குடும்பம் இருந்தது, அவரை விட்டுவிடாத வேலையிடம் இருந்தது, வேலையை மாற்றியமைக்கத் தெரிந்த மேலதிகாரி ஒருவர் இருந்தார். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் கதை வேறாகியிருக்கலாம். மனவுறுதியில் அவருக்குச் சற்றும் குறையாத மனிதர்களை இந்த மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன். மற்றவை அவர்களுக்கு வாய்க்கவில்லை.

என் மாணவர் ஒருவரின் தந்தை மர அறுவை ஆலையில் வட்ட ரம்பத்தில் வேலை பார்த்தவர். பலகையின் கடைசி முனையைக் கையால் தள்ளியபோது வலக்கைக் கட்டைவிரல் போயிற்று. அந்த முனையைத் தள்ள ஒரு நீளமான கட்டையும், ரம்பத்தின் மேல் ஒரு மூடியும் இருந்திருந்தால் கை பல்லருகே போயிருக்காது. இரண்டையும் அந்த ஆலையிலேயே ஒரு நாளில் செய்துவிடலாம். முதலாளி கெட்டவர் இல்லை. மருத்துவச் செலவைத் தந்தார். கையில் ஒரு தொகையும் கொடுத்தார். மகனின் படிப்புக்கும் உதவினார். வேலைக்குத் திரும்ப அழைக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கும் அது தெரியாது, தொழிலாளிக்கும் கேட்கத் தெரியாது. எந்த மரம் எப்படிப் பிளக்கும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய மனிதர், குற்றாலத்தில் சாரல் காலத்தில் விடுதிக் காவலாளி. மற்ற மாதங்களில் வீட்டில். மரத்தைத் தரம் பிரிக்கவும், அளந்து கணக்கெழுதவும், புதிதாக வருபவர்களுக்குக் கற்றுத்தரவும் அந்த ஆலைக்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருந்தது.

சட்டம் இந்த இழப்பை எப்படிப் பார்க்கிறது? 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் என்றால் 30 விழுக்காடு, ஆட்காட்டி விரல் முழுவதும் என்றால் 14 விழுக்காடு என்று இருந்தது. 40 வயதுத் தொழிலாளிக்குக் கணக்கில் எடுக்கும் மாதக் கூலி 15,000 ரூபாய் என்றால், அதில் 60 விழுக்காடான 9,000-ஐ 184.17-ஆல் பெருக்கி, வரும் தொகையில் 30 விழுக்காடு. ஏறத்தாழ 4 லட்சத்து 97 ஆயிரம் ரூபாய். அதுவும் முறையாக வழக்குப் போட்டவருக்கு. இந்தத் தொகையைக் குறைவு என்று சொல்வோர் உண்டு. என் குறை வேறு. இந்தக் கணக்கில் விரலுக்கு விலை இருக்கிறது, வேலைக்கு இடமில்லை. தொகையைக் கொடுத்ததோடு முதலாளியின் கடமை முடிந்துவிடுகிறது.

அரசு ஊழியருக்கு நிலைமை வேறு. பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை நீக்கக் கூடாது, பதவியிறக்கமும் கூடாது, அவ்வேலைக்கு இயலாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவிலும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. பேருந்து ஓட்டுநர்கள் பலர் இதனால் அலுவலகப் பணிக்கு மாறியிருக்கிறார்கள். தனியார் ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் கதவு திறக்கவில்லை. இ.எஸ்.ஐ. சட்டம் சிகிச்சைக் காலத்தில் பணிநீக்கத்தைத் தடுத்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் மர ஆலைகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தன. பனையேறிக்கு முதலாளியே இல்லை.

இத்தனைக்கும், வேலூருக்குப் போகாமலேயே நாம் கற்றுக்கொள்ளக்கூடிய இடம் தென்காசிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் இயக்கத்தை இழந்தார். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக 1981-இல் அமர் சேவா சங்கத்தை அங்கே தொடங்கினார். பள்ளி, தொழிற்பயிற்சி, முதுகுத்தண்டுவடக் காயமுற்றோருக்கான மறுவாழ்வுப் பிரிவு என அது வளர்ந்திருக்கிறது. சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் தேவையான அறிவு நம் மாவட்டத்துக்குள்ளேயே உண்டு என்பதே இதன் பொருள்.

இல்லாதது, மேரி வர்கீஸுக்குப் பிராண்ட் எடுத்துக் கொடுத்த அந்த இரண்டாவது பட்டியல். அதை எழுத மர ஆலை உரிமையாளர்களும் தொழிற்சங்கத்தினரும், அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவரும், தொழிலகப் பாதுகாப்பு அதிகாரியும், ஆய்க்குடியிலிருந்து ஒருவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர வேண்டும். அபாயகரமான தொழில் நடக்கும் ஆலைகளில் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்ற விதியைத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ஆம் ஆண்டுத் திருத்தமே சேர்த்தது. சிறு ஆலைகளால் தனித்தனியே குழு வைக்க இயலாது. செங்கோட்டைச் சாலையின் ஆலைகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு குழு வைப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. பனையேறிகளுக்கும் தென்னை ஏறுவோருக்கும் அவர்களுடைய நல வாரியத்தையும், தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டத்தையும் இதே மேசைக்குக் கொண்டுவரலாம்.

தென்காசி தனி மாவட்டமாகி 2019 நவம்பருக்குப் பின் ஆட்சியர் அலுவலகம் நம் ஊரிலேயே இருக்கிறது. திருநெல்வேலிக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. முதல் கூட்டத்துக்குப் பெரிய பொருள் எதுவும் வேண்டாம். கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் வேலையில் காயமடைந்து மருத்துவமனைக்கு வந்தவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அவர் இன்று என்ன வேலை செய்கிறார் என்று கேட்டு எழுதினால் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் இந்த ஊரில் இருக்கிறோம். வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதும் வேலையை எங்களிடம் தரலாம்.